குற்றத்தின் முகம்: ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மங்காவும் 2003ஆம் ஆண்டு அனிமேத் தொடரும்

முன்னுரை

அச்சில் வந்த கதை திரைக்கு வரும்போது, அது மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக எழுகிறது. மூலம் முற்றுப்பெற்ற ஒன்று என்னும் எடுகோளின்மீது அக்கேள்வி நிற்கிறது. ஜப்பானிய மங்காவுக்கும் அதன் அனிமேத் தொடருக்கும் இவ்வெடுகோள் பல வேளைகளில் பொருந்துவதில்லை. மங்கா இதழில் வந்துகொண்டிருக்கும்போதே தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிவிடுவது அங்கு வழக்கமாகும்.

ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மங்கா, 2001 முதல் 2010 வரை ‘ஷோனென் கங்கன்’ மாத இதழில் 108 இயல்களாக வெளிவந்து 27 தொகுதிகளாக நூல்வடிவம் பெற்றது. போன்ஸ் நிறுவனம் தயாரிப்பில், செய்ஜி மிசுஷிமா இயக்கத்தில், 51 பகுதிகள் கொண்ட அனிமேத் தொடர் 2003 அக்டோபரில் தொடங்கி 2004 அக்டோபரில் முடிந்தது. மங்கா தொடங்கி இரண்டாண்டுகளே கடந்திருந்த நிலையில், தொடர் தனக்கெனத் தனி முடிவைத் தேட வேண்டியிருந்தது. அரகாவாவும் அதையே விரும்பினார். ஒரே தொடக்கத்திலிருந்து பிரியும் இவ்விரு கதைகளும் குற்றத்தையும் பொறுப்பையும் யாரிடம் வைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது.

ஓர் இரவு, இரு தொடர்ச்சிகள்

இரு படைப்புகளுக்கும் அடித்தளம் ஒன்றே. இரசவாதம் அறிவியலாகப் பயிலப்படும் அமெஸ்ட்ரிஸ் நாட்டில், எட்வர்ட், அல்போன்ஸ் என்னும் எல்ரிக் சகோதரர்கள் இறந்த தாய் திரிஷாவை உயிர்ப்பிக்க முயல்கின்றனர். அது தடைசெய்யப்பட்ட செயல். எட்வர்ட் ஒரு காலை இழக்கிறான். அல்போன்ஸ் உடல் முழுவதையும் இழக்கிறான். எட்வர்ட் தன் கையையும் ஈடாகக் கொடுத்துத் தம்பியின் ஆன்மாவை ஓர் இரும்புக் கவசத்தில் பிணைக்கிறான். ஒன்றைப் பெற அதற்கு நிகரான ஒன்றைத் தரவேண்டும் என்னும் சமமதிப்புப் பரிமாற்ற விதியே கதையின் அச்சாகும்.

அன்றிரவு உருவான சிதைந்த உயிர் என்னவாயிற்று என்னும் வினாவிலேயே இரு படைப்புகளும் பிரிகின்றன. மங்காவில் எட்வர்ட், மருத்துவப் பாட்டி பினாகோவின் துணையோடு, புதைக்கப்பட்ட அவ்வுடலைத் தோண்டியெடுக்கிறான். முடியின் நிறமும் எலும்பின் அளவும் திரிஷாவோடு பொருந்தவில்லை. தாங்கள் உருவாக்கியது தாயே அன்று என அவன் அறிகிறான். இறந்தவரை மீட்க இயலாது என்பது உறுதியாகிறது. தாயை இரண்டாம் முறை கொன்றுவிட்டோம் என்னும் பழியும் நீங்குகிறது. அல்போன்ஸ் இறக்கவில்லை, ஆகவே அவன் உடலை மீட்க முடியும் என்னும் நம்பிக்கையும் இங்கேயே பிறக்கிறது.

அனிமேயில் அதே உயிர் ‘ஸ்லாத்’ என்னும் ஹோமுங்குலஸாக வளர்ந்து, தாயின் முகத்தோடும் அவளது நினைவுகளின் எச்சத்தோடும் மைந்தர்முன் வந்து நிற்கிறது. தோண்டுதல் இங்கும் உண்டு. ஹோமுங்குலஸை முடக்குவதற்கு மூல மனிதரின் எச்சம் தேவை என்பதால் எட்வர்ட் தாயின் கல்லறையைத் தோண்டுகிறான். மங்காவில் ஐயம் தீர்க்கும் சான்றாக அமைந்த செயல், அனிமேயில் தாய்முகம் கொண்ட ஒன்றை அழிப்பதற்கான ஆயுதமாகிறது. முன்னதில் உண்மை அறியப்பட்டதும் பழியின் சுமை குறைகிறது. பின்னதில் உண்மையை அறிந்த பிறகும் பழி முகம் மாறாமல் நிற்கிறது.

ஹோமுங்குலஸ்களின் பிறப்பு முறையும் இவ்வேறுபாட்டை விரிவாக்குகிறது. மங்காவில் அவர்கள், ‘தந்தை’ எனப்படும் பழைமையான உயிர் தன்னிடமிருந்து பிரித்தெறிந்த ஏழு தீக்குணங்கள். அனிமேயில் அவர்கள், இறந்தோரை உயிர்ப்பிக்க முயன்று தோற்ற மனிதர்களின் விளைவுகள். ஒவ்வொரு ஹோமுங்குலஸுக்குப் பின்னாலும் அன்பினால் தவறிழைத்த ஒருவர் இருக்கிறார். தீமைக்கு மங்கா பொதுவான ஓர் ஊற்றைக் காட்டுகிறது. அனிமே அதைத் தனிமனிதர்களிடமே திருப்பி அனுப்புகிறது.

போர்க்குற்றம் யாருடையது?

இஷ்வால் மக்கள்மீது அமெஸ்ட்ரிஸ் இராணுவம் நடத்திய இன அழிப்பு இரு படைப்புகளிலும் மையமானது. அப்போரில் இருதரப்புக் காயங்களுக்கும் மருந்திட்ட ராக்பெல் மருத்துவ இணையர் கொல்லப்படுகின்றனர். அவர்களுடைய மகள் வின்ரி, எல்ரிக் சகோதரர்களின் இளமைத் தோழி. கொன்றவர் யார் என்பதில் இரு கதைகளும் முரண்படுகின்றன.

மங்காவில் கொலையாளி ஸ்கார். இனத்தை இழந்து வெறியுற்ற அவன், தனக்கு மருந்திட்டவர்களையே கொல்கிறான். அவன்முன் துப்பாக்கி ஏந்திய வின்ரியால் சுட இயலவில்லை; பின்னர் அவன் காயத்துக்குக் கட்டுப்போடும் அவள், தான் மன்னித்துவிடவில்லை என்பதையும் தெளிவாக்குகிறாள். பாதிக்கப்பட்டவரே பாதிப்பை உண்டாக்கும் சங்கிலியை எங்கே அறுப்பது என்பதே இங்கு எழும் வினா. நண்பன் ஹியூஸைக் கொன்ற என்வியைப் பழிதீர்க்க முனையும் ராய் மஸ்டாங்கைத் தடுப்போருள் ஸ்காரும் ஒருவனாக இருப்பது இவ்வினாவின் நீட்சியாகும்.

அனிமேயில் சுட்டவன் மஸ்டாங். மேலதிகாரியின் ஆணைப்படி சுடுகிறான். இங்கு எழுவது கீழ்ப்படிந்தவனின் பொறுப்பு பற்றிய வினா. அத்துடன், நாயகர்களுக்குத் துணைநிற்கும், பார்வையாளர் நேசிக்கும் ஒருவனிடமே குற்றம் வந்து சேர்கிறது. மங்காவின் மஸ்டாங்கும் குற்றமற்றவன் அல்லன். தன் இலக்கு நிறைவேறினால் இஷ்வாலில் போரிட்டோர் விசாரணைக்கு உள்ளாவர் என்பதை அவனும் ஹாக்ஐயும் அறிந்தே ஏற்கின்றனர். ஆயினும் அவனுடைய குற்றம் ஒரு தலைமுறைப் படைவீரர்கள் பகிர்ந்துகொள்ளும் குற்றம். அனிமேயில் அக்குற்றத்துக்குப் பெயருடைய இருவர் பலியாகின்றனர். அவர்களின் மகள் கதைக்குள்ளேயே வாழ்கிறாள்.

ஊடகத்தின் பங்கு

இவ்வேறுபாடுகளை ஊடகத்தின் இயல்பே விளைவித்தது எனக் கூற இயலாது. அதே போன்ஸ் நிறுவனம் 2009 ஏப்ரல் முதல் 2010 ஜூலை வரை ‘பிரதர்ஹுட்’ என்னும் 64 பகுதித் தொடரை மங்காவின் போக்கிலேயே உருவாக்கியது. ஊடகம் ஒன்றே, நிறுவனமும் ஒன்றே, கதை மட்டும் வேறு. எனவே கதைத் தேர்வையும் ஊடகப் பயன்பாட்டையும் பிரித்தறிவது தேவையாகிறது.

ஊடகம் உண்மையில் செயற்படுவது காலத்தையும் குரலையும் கையாளும் முறையில். ஹியூஸின் மரணம் 2003 தொடரில் 25ஆம் பகுதியில் நிகழ்கிறது. ‘பிரதர்ஹுட்’ தொடரில் 10ஆம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. முந்தைய தொடர் அவனைத் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்தி, அவன் மகள் பிறக்கும் நாளில் சகோதரர்களையும் உடனிருக்கச் செய்து, பல வாரப் பழக்கத்தைப் பார்வையாளருக்கு அளிக்கிறது. அம்மரணத்தின் கனத்துக்குக் காரணம் இக்கால அளவே.

குரலின் பங்கு இதனினும் நுட்பமானது. 2003 தொடரில் பகுதிதோறும் தொடக்கத்தில் அல்போன்ஸின் குரல் சமமதிப்புப் பரிமாற்ற விதியை எடுத்துரைக்கிறது. வாரந்தோறும் கேட்டுப் பழகிய அவ்விதி மறைமொழிபோல் ஆகிவிடுகிறது. இறுதிப் பகுதியில் அதே குரல், இவ்விதி முழுமையானதன்று என ஒப்புகிறது. எனினும் அதன்மீதுள்ள நம்பிக்கையைக் கைவிடவில்லை. நம்பிக்கை குலைவதைப் பார்வையாளர் தம் செவிப்பழக்கத்தின் குலைவாகவே உணர்கின்றனர். அச்சிட்ட பக்கத்துக்குக் குரல் இல்லை. ஆனால் முன்பக்கம் திரும்பிச் சரிபார்க்கும் வாய்ப்பை அது வாசகருக்குத் தருகிறது. தடயங்களைச் சேர்த்து, தோண்டி, அளந்து உண்மை காணும் அரகாவாவின் கதைமுறை அவ்வாய்ப்போடு இயைகிறது.

முடிவுகளும் அவற்றின் விலையும்

மங்காவின் முடிவில் எட்வர்ட் தன் இரசவாத ஆற்றலையே ஈடாகத் தந்து தம்பியை முழுமையாக மீட்கிறான். பின்னர் சகோதரர்கள், பெற்ற பத்தோடு தம்முடைய ஒன்றைச் சேர்த்துப் பதினொன்றாகத் தருவது என்னும் புதிய கொள்கையை முன்வைக்கின்றனர். பரிமாற்றம் இங்குக் கொடையாக உயர்கிறது. அனிமேயில் அல்போன்ஸ் பத்து வயது உடலோடு, பயண நினைவுகள் ஏதுமின்றி மீள்கிறான். எட்வர்ட் 1921ஆம் ஆண்டு ஜெர்மனியில் தம்பியைப் பிரிந்து நிற்கிறான். ஈடு கொடுத்தும் கணக்கு நேராகவில்லை.

இரண்டுமே தம் முடிவுக்கு விலை தருகின்றன. மங்காவில் நாட்டின் தோற்றமும் போர்களும் ‘தந்தை’யின் திட்டமாக விளக்கப்படுவதால், மனிதரின் பொறுப்பு சற்றே இலகுவாகும் இடர் உண்டு; மஸ்டாங், ஹாக்ஐ ஆகியோரின் தன்னொப்புதல் அதை ஓரளவு ஈடுசெய்கிறது. அனிமே, நாயகனை வேறோர் உலகுக்கு அனுப்புவதால், அமெஸ்ட்ரிஸில் எழுப்பிய அரசியல் வினாவிலிருந்து அவனை விலக்கிவிடுகிறது. 1923 மியூனிக்கைக் களமாகக் கொண்ட 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்தாலும் இவ்விடைவெளி முழுதும் நிரம்பவில்லை.

முடிவுரை

‘பிரதர்ஹுட்’ வந்தபின் 2003 தொடரை ‘மூலத்திலிருந்து விலகியது’ என ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்கினால், ஒரே குற்றத்துக்கு இருவகை நீதி தேடிய அரியதோர் ஒப்பீடு ஆய்வாளர் பார்வையிலிருந்து மறையும். செய்த தவற்றை அறிந்து சரிசெய்ய இயலும் என்கிறது மங்கா. சரிசெய்ய இயலாத தவற்றோடு வாழ வேண்டியதைப் பேசுகிறது அனிமே. பின்னது முன்னதன் பிழைபட்ட படி அன்று. முற்றுப்பெறாத மூலத்துக்கு எழுதப்பட்ட மறுமொழி. தழுவல் ஆய்வு இத்தகைய மறுமொழிகளை அளக்க, மூலத்துக்கு உண்மையாக இருத்தல் என்னும் ஒற்றை அளவுகோல் போதாது.