'அந்த நாள்' படத்தில் ராஜன் என்னும் பாத்திரம்

அண்மையில் நீலகிரியைச் சார்ந்த அரவேணுவில் முதுகலை மாணவர் சிலருடன் 'அந்த நாள்' (1954) என்னும் துப்பறியும் படத்தைக் கண்டோம். படம் முடிந்தபின் அவர்களுள் ஒருவர், "கொன்றவளே கொலையுண்டவனுக்குப் பரிந்து பேசுவானேன்?" என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

எஸ். பாலச்சந்தர் இயக்கி ஏ.வி.எம். நிறுவனத்தார் எடுத்த இப்படத்தைக் குறித்து எழுதுவோர் பெரிதும் இரண்டு சிறப்புகளையே சுட்டுவர்: பாடல் இன்மை ஒன்று, குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) காட்டிய நெறியில் கதையைப் பலர் வாயிலாகக் கூறல் மற்றொன்று. இரண்டும் மெய்யே. எனினும் அவை படத்தின் புறச்சட்டத்தைப் பற்றியன; உள்ளிருக்கும் மனிதனைப் பற்றியன அல்ல.

1943 அக்டோபர் 11. சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாள். வானொலிப் பொறியாளன் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டுக் கிடக்கிறான். துப்பறியும் சிவானந்தத்திடம் அண்டைவீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபியை ஐயுறுகிறார், பட்டாபி தன் மனைவி ஹேமாவை ஐயுறுகிறான், அவள் ராஜனின் காதற்பரத்தை அம்புஜத்தை, அம்புஜமோ சின்னையாவை. ஐயம் ஒரு வட்டமாகச் சுழன்று தொடங்கிய இடத்திற்கே மீள்வதை நோக்குக. சொத்துப் பங்கு, கடன், உறவு எனத் தத்தம் தேவைக்கேற்ற ராஜனையே அவர்கள் கண்டுள்ளனர். சொல்வதனைத்தும் பொய்யன்று, ஆனால் அவன் உள்ளம் அவ்வட்டத்துள் அகப்படவில்லை. வட்டத்திற்குப் புறத்தே நிற்பவள் மனைவி உஷா (பண்டரிபாய்) ஒருத்தியே.

அவள் உரைக்கும்போதுதான் வேறொரு ராஜன் தோன்றுகிறான். ஏழையர்க்கும் எட்டும் மலிவான வானொலிப் பெட்டி செய்ய முனைந்தவன். அம்முயற்சி மதிக்கப்படாமையால் உளம் கசந்தவன். நாட்டின் மறைச்செய்திகளைப் பகைவர்க்கு விற்கும் இரண்டகனாக அவன் மாறியது அதன்பின்னரே. மக்களுக்குக் குரல் கொண்டுசேர்க்க அவன் விரும்பிய கலையே பகைவர்க்குச் செய்தி சேர்க்கும் கலையாயிற்று. அவன் வெகுளியின் அடியில் இளிவரல் கிடக்கிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் தனித்தனியே வைத்த இவ்விரண்டும் ஈண்டுக் காரணகாரியமாக இயைகின்றன. பொருளாசை ஒன்றே அவனை இயக்கிற்று என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.

இப்பகுதியைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது. குறை என்றே கூறுவோம். ஜாவர் சீதாராமனின் உரையாடல் நாட்டுப்பற்று குறித்து நீண்டு பேசுமளவிற்கு இக்கசப்பைப் பேசவில்லை. அவ்விடத்தைச் சிவாஜியின் முகமே நிரப்புகிறது. குரல் உயர்த்தி நடிப்பவர் என அவரைக் கருதிப் பழகியோர் இங்கு அவர் காட்டும் அடக்கத்தைக் காண்டல் வேண்டும்.

இனி மாணவர் வினாவிற்கு வருவோம். உஷா தன் செயலுக்கு நியாயம் காட்ட மட்டும் விரும்பியிருப்பின், கணவன் செய்த இரண்டகத்தைக் கூறின் போதும். கல்லூரிக் காதலையும் பாழான ஆராய்ச்சியையும் கூறவேண்டியதில்லை. கூறுகிறாள். கூறுந்தோறும் அவள் குற்றத்தின் பாரம் மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை. ராஜன் சார்பில் அப்படத்தில் ஒலிக்கும் ஒரே சான்று, அவனைச் சுட்ட துப்பாக்கியை ஏந்தியவள் வாயிலிருந்தே வருகிறது.