திரைத்தமிழும் கையேட்டுத் தமிழும்: கட்டற்ற மென்பொருள் ஆவணங்களின் தமிழாக்கம் குறித்து

கணினித் தமிழ் பற்றி இதுவரை நம் கருத்தரங்குகளில் படைக்கப்பட்ட கட்டுரைகளுள் பெரும்பாலானவை எழுத்துரு, குறியேற்றம், விசைப்பலகை ஆகியவற்றையே சுற்றி வந்துள்ளன. 1985இல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தொடங்கியது முதல், 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலம் வரையில், தமிழ் எழுத்தைத் திரையில் தோன்றச் செய்வதே தலையாய சிக்கலாக இருந்தது. திஸ்கி, டாப், டாம் எனப் பிரிந்து கிடந்த குறியேற்றங்களின் இடத்தை யூனிகோடு பெற்ற பின்னர், திரையில் தோன்றும் தமிழ் எத்தகைய தமிழ் என்னும் வினா எழுந்திருக்க வேண்டும். அது போதிய அளவு எழவில்லை. நாவல் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழ்ந்தால் கண்டிக்கும் நம் திறனாய்வு, மென்பொருள் கையேட்டின் பக்கம் திரும்பியதே இல்லை எனலாம்.

கேடிஈ, ஓப்பன் ஆபிஸ், மொசில்லா முதலியவற்றைத் தமிழாக்கியவர்கள் தன்னார்வலர்கள். தமிழகம், ஈழம், மலேசியா, சிங்கப்பூர் என நிலத்தால் பிரிந்திருந்து, பணி முடிந்த இரவு வேளைகளில் ஊதியமின்றி உழைத்தவர்கள். எவரிடமும் இசைவு கோராமல் அவர்கள் இப்பணியைச் செய்ய முடிந்ததற்கு உரிமமே காரணம். நிரலுக்கு மட்டுமன்றிக் கையேட்டுக்கும் படியெடுக்கவும் திருத்தவும் மொழிபெயர்க்கவும் உரிமை வேண்டும் என்று வாதிட்டவர் ரிச்சர்டு ஸ்டால்மன். 2000இல் வெளிவந்த குனூ கட்டற்ற ஆவண உரிமம் அவ்வாதத்தின் விளைவு. உழைப்பின் பெருமையை ஏற்றுக்கொண்டே, உருவான உரைநடையை நாம் மதிப்பிட வேண்டியுள்ளது.

மதிப்பீட்டுக்கு ஒரு வாசகர் தேவை. பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் கணக்கெழுதும் ஒருவரை மனத்தில் கொள்வோம். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் மலாய்வழி இடைநிலைப் பள்ளியிலும் பயின்றவர்; கணினியை மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்றவர். அவர் நிற்கும் லெபோ பாசாரை முன்னாளில் தமிழர் கடைத்தெரு என்றே வழங்கினர். ஆங்கிலேயர் இட்ட பெயரை எழுத்துக்கு எழுத்து பெயர்க்காமல், அங்கு நடப்பதைக் கண்டு வைத்த பெயர் அது. அவ்வியல்பை மென்பொருள் கையேடுகளில் தேடினால் எளிதில் கிட்டுவதில்லை.

முதலில் ஏவலை நோக்குவோம். ஆங்கிலத்தில் பொத்தானில் உள்ள வினையும் கையேட்டில் உள்ள வினையும் ஒரே வடிவின. தமிழில் அவ்வாறு இருத்தல் இயலாது. பொத்தானில் பேசுபவர் பயனர், கேட்பது பொறி. ஆகவே 'திற', 'மூடு', 'சேமி' என்னும் ஒருமை ஏவலே பொருந்தும். கையேட்டிலோ எழுதியவர் பேசுகிறார், கேட்பவர் வாசகர். அங்கு 'சேமியுங்கள்' என்றோ 'சேமிக்கவும்' என்றோ வருதல் வேண்டும். மூலத்தில் வேறுபாடு இல்லாமையால், தன்னார்வலர் பலர் இவ்விரண்டையும் கலந்துவிட்டனர். 'திறக்கவும்' என்று பயனர் பொறியைப் பணிவுடன் வேண்டும் பட்டிகள் உள்ளன. 'இதைச் சொடுக்கு' என்று வாசகரை அதட்டும் உதவிப் பக்கங்களும் உள்ளன. கடைத்தெருவில் வாடிக்கையாளரை ஒருமையில் ஏவும் கடைக்காரரை நாம் கண்டதில்லை.

இதனினும் ஆழமானது வேற்றுமைச் சிக்கல். மென்பொருளின் செய்திகளில் கோப்பின் பெயருக்கு வெற்றிடம் விடப்படும். இயங்கும்போது பொறி அதை நிரப்பும். தமிழ்ப் பெயரோ உருபேற்கும்போது திரியும் இயல்பினது: கடிதம் 'கடிதத்தை' ஆகும், வீடு 'வீட்டை' ஆகும். பொறிக்கு இது தெரியாது. விளைவு, 'கடிதம்-ஐ திறக்க முடியவில்லை' என்பது போன்ற தொடர்கள். இதற்குத் தீர்வு தமிழிலேயே உண்டு. 'கடிதம் என்னும் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்றால் உருபு பொறி அறியாத பெயரை விட்டு, நாம் அறிந்த 'கோப்பு' என்னும் சொல்லின்மேல் ஏறிவிடும். இம்முறையைக் கைக்கொண்ட மொழிபெயர்ப்பாளர்களும் உள்ளனர். அவர்தம் பக்கங்களை வாசித்த அளவில் வேறுபாடு புலப்படும். பன்மையிலும் இத்தகைய தெளிவு வேண்டும். அஃறிணைப் பெயருக்குக் கள் விகுதி கட்டாயமன்று எனத் தொல்காப்பியமே இடமளித்திருக்க, ஆங்கிலத்தைப் பின்பற்றி எங்கும் 'கள்' ஒட்டுவதற்குக் காரணமில்லை.

கலைச்சொற்களைப் பற்றி நீண்ட சண்டைகள் நடந்துள்ளன. அவற்றுள் பாதி தேவையற்றவை என்பது நம் கருத்து. 'கோப்பு' ஆகட்டும், 'உலாவி' ஆகட்டும், பழகினால் நிலைத்துவிடும். மலாயில் 'சிம்பான்' கண்டு பழகிய நம் கணக்கர், 'சேமி' என்பதை வங்கிச் சேமிப்போடு தொடர்புபடுத்திச் சற்றுத் திகைப்பார். இரண்டாம் நாள் திகைக்கமாட்டார். அவர் மீள முடியாமல் திகைப்பது, திரையில் 'அடைவு' என்றிருப்பதைக் கையேடு 'கோப்புறை' என்னும்போதுதான். திரையைத் தமிழாக்கியவர் ஒருவர், கையேட்டைத் தமிழாக்கியவர் மற்றொருவர், இருவருக்கும் பொதுவான சொற்பட்டியல் இல்லை என்னும்போது இது நேர்கிறது. மூலம் மாறும்தோறும் பழைய மொழிபெயர்ப்பு ஐயத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டு, எவரேனும் சரிபார்க்கும் வரையில் அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும் என்பதையும் சேர்த்துக் கொள்க. ஓர் ஆர்வலர் விலகிய சில ஆண்டுகளில், முழுமையாக இருந்த தமிழ்ப் பக்கம் ஒட்டுத்துணியாகிவிடுகிறது.

'கட்டற்ற' என்னும் அடைமொழியையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலச் சொல் விலையின்மையையும் உரிமையையும் ஒருங்கே சுட்டி மயக்கும். தமிழில் இலவசம் வேறு, கட்டின்மை வேறு. ஆங்கிலத்தார் பக்கம் பக்கமாக எழுதும் விளக்கத்தை நாம் ஒரு சொல்லில் பெற்றுவிட்டோம். அவ்வாறிருந்தும் அந்த ஆங்கில விளக்கத்தை அப்படியே தமிழாக்கி, இல்லாத மயக்கத்தைப் போக்க முயலும் பக்கங்களைப் படிக்கையில் வியப்பே மேலிடுகிறது.

2012இல் தொடங்கிய 'கணியம்' இதழும், அதன் வழி வந்த து.நித்யாவின் 'எளிய தமிழில்' நூல்களும் வேறொரு வழியைக் காட்டின. அவை மொழிபெயர்க்கப்பட்டவை அல்ல. தமிழ் வாசகரை நோக்கித் தமிழிலேயே எழுதப்பட்டவை. கலைச்சொற்களில் ஆங்கிலம் மிகுதி என்று தூய தமிழ் அன்பர் குறை கூறலாம். ஆயினும் அங்கு ஒருவர் மற்றொருவருக்கு விளக்கும் குரல் கேட்கிறது. மொழிபெயர்த்த பக்கங்களில் அது கேட்பது அரிது.

இறுதியாக ஓர் எண். யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் மலேசியத் தமிழுக்குத் தனிப் பதிவு உண்டு. தமிழகப் பதிவு ஒரு லட்சத்தை 1,00,000 என்று எழுத, மலேசியப் பதிவு 100,000 என்று எழுதும். ரிங்கிட்டில் கணக்கெழுதும் நம் வாசகருக்குப் பின்னதே இயல்பு. விரிதாளைப் பற்றிய தமிழ்க் கையேட்டை அவருக்காகப் பெயர்ப்பவர் முதலில் கைவைக்க வேண்டியது கலைச்சொல்லில் அன்று, இந்தக் காற்புள்ளியில்.