பின்னணி என்ற தலைப்பின் கீழே

விக்கிபீடியா கட்டுரைக்கெல்லாம் விமர்சனம் எழுதுவார்களா என்று ஒரு நண்பன் சிரித்தான். ஏன் எழுதக்கூடாது? நானும் அவனும் ஒரு வாரத்தில் வாசிக்கும் உரைநடையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. நாவலைப் பற்றி நாலு மணி நேரம் சண்டை போடுகிறோம். நாவலாசிரியர் எந்த ஊரில் பிறந்தார் என்று பார்க்கப் போன பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். எதை முதலில் சொல்வது, எதைக் கீழே தள்ளுவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பாட்டைப் பற்றிய ஆங்கில விக்கிபீடியா கட்டுரை. பாட்டின் பெயர் 'நோ மே கேதா மாஸ்'. பாடியவர் செலீனா. டெக்ஸாஸில் பிறந்த மெக்சிக-அமெரிக்கப் பாடகி. அப்பா ஆப்ரஹாம் கின்டானியா குடும்பத்தையே ஒரு இசைக்குழுவாக மாற்றினார். அண்ணன் ஏ.பி. பேஸ் கிட்டார், அக்கா சுசெட் டிரம்ஸ், நடுவில் செலீனா. டெஹானோ என்று சொல்லப்படும் அந்த எல்லையோர இசையை அதுவரை பெரும்பாலும் ஆண்கள்தான் ஆண்டுகொண்டிருந்தார்கள். இவர் வந்து அதை மாற்றினார். 1995 மார்ச் 31 அன்று, கார்பஸ் கிறிஸ்டியில், தன் ரசிகர் மன்றத்தை நடத்திவந்த பெண்ணாலேயே சுடப்பட்டு இறந்தார். இருபத்து நான்கு வயது ஆக இரண்டு வாரம் பாக்கி.

இந்த மரணம்தான் என்னை மாட்டிவிட்டது. 2020 கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் செலீனா தொடர் வந்தபோது, ஊரடங்குச் சோம்பலில் அதைப் பார்த்து, அங்கிருந்து பாட்டுகளுக்குப் போனேன். ஸ்பானிஷ் தெரியாது. மொழிபெயர்ப்பை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். பிரிந்து போகிறவருக்கு நல்லா இரு என்று சொல்லிவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் ஒரு குரல். அன்றிரவே ஒரு நீண்ட பதிவு எழுதினேன். தன் மரணத்தை முன்கூட்டியே உணர்ந்த கலைஞரின் விடைபெறல், அது இது என்று. நிறைய பேர் இதயம் போட்டார்கள்.

மறுநாள் கட்டுரையைப் படித்தேன். பாட்டு வந்தது 1994. ஆல்பம் 'ஆமோர் ப்ரொயிபீதோ' அந்த வருடம் மார்ச்சில். தனிப்பாடலாக வெளியானது அக்டோபரில். பில்போர்டின் லத்தீன் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது டிசம்பரில். அதாவது பாட்டு உச்சிக்கு ஏறியபோது செலீனா உயிரோடு, நன்றாக, அடுத்த வேலைகளைத் திட்டமிட்டுக்கொண்டு இருந்தார். நான் கேட்ட மரணம் பாட்டில் இல்லை. அதை நான்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கட்டுரை என்னைத் திட்டவில்லை. தேதிகளை வரிசையாக அடுக்கிவிட்டு நகர்ந்துவிட்டது. எந்த விமர்சகரும் அவ்வளவு சுருக்கமாக என் மூக்கை உடைத்ததில்லை. பதிவை நீக்கினேன். போட்ட இதயங்களைத் திருப்பித் தர வழியில்லை.

ஆக, நன்றிக்கடனோடுதான் தொடங்குகிறேன். இனி குறைகள்.

பாட்டு எப்படிக் கேட்கிறது என்று இந்தக் கட்டுரையால் சொல்ல முடியவில்லை. மரியாச்சி, பாப், பாலட் என்று பெயர்கள் வருகின்றன. சுருதி, வேகம் எல்லாம் உண்டு. உணர்ச்சிகரமானது என்று ஒரு பத்திரிகையாளர் சொன்னதாகச் சொல்கிறது, இன்னொருவர் வேறொரு பெயரடை சொன்னதாகச் சொல்கிறது. காரணம் தெரிந்ததுதான். விக்கிபீடியாவில் எழுதுபவர் சொந்தமாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லக்கூடாது. அச்சில் ஏற்கெனவே வந்ததைத்தான் சொல்லலாம். எழுதியவர் அந்தப் பாட்டை நூறு முறை கேட்டு அழுதிருக்கலாம், ஆனால் அந்தக் காது கட்டுரைக்குள் வரக்கூடாது. பாட்டை ஒரு முறைகூடக் கேட்காதவர்கூட இப்படியொரு பத்தியை எழுதிவிட முடியும் என்பதுதான் இந்த விதியின் சங்கடம்.

ஒரு எடுத்துக்காட்டு. தலைப்பை, 'எனக்கு இனி எதுவும் மிச்சமில்லை' என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறார்கள். தலைப்பாக மட்டும் பார்த்தால் சரி. ஆனால் பாட்டுக்குள் அந்தச் சொற்கள் அங்கே நிற்பதில்லை. பின்னால் 'கே' என்று ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொள்கிறது. உடனே அர்த்தம் திரும்பிவிடுகிறது: 'இதைத் தவிர எனக்கு வேற வழியில்ல.' வெறுங்கையை விரித்துக் காட்டுவது ஒன்று. மீதமிருக்கும் ஒரே வழியில் நடந்துபோவது வேறொன்று. செலீனா பாடுவது இரண்டாவதை. அதனால்தான் குரலில் புலம்பல் குறைவு, நிமிர்வு அதிகம். தலைப்பு ஒரு பாதி வாக்கியம் என்பதை ஸ்பானிஷ் தெரிந்தவர் யாரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். நான் படித்த வடிவத்தில் அது இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'பின்னணி' என்ற பகுதியில் பாட்டு பிறந்த கதை இருக்கிறது. எழுதியவர் ரிக்கி வேலா, குழுவின் கீபோர்டு கலைஞர். அவருக்கு சுசெட் மேல் காதல். அது அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வராத காதல். 1993இல் சுசெட்டுக்கு வேறொருவரோடு திருமணம் நடக்கிறது. வேலா இந்தப் பாட்டை எழுதுகிறார். சுசெட்டின் தங்கை அதைப் பாடுகிறார்.

அவ்வளவுதான். சில வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. அடுத்த வரி தயாரிப்பு பற்றியது. ஒரு நாவலாசிரியர் கையில் கிடைத்திருந்தால் இதை முந்நூறு பக்கத்துக்கு இழுத்திருப்பார். நான் இழுத்திருப்பேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: ஒரே பேருந்து, ஒரே மேடை, ஒவ்வொரு ஊரிலும் அந்தப் பாட்டு. எழுதியவர் கீபோர்டில், யாரை நினைத்து எழுதினாரோ அவர் டிரம்ஸில். அவருடைய தாளத்துக்குத்தான் இவர் வாசிக்கவேண்டும். கட்டுரை இதைப் பற்றி ஒரு பெருமூச்சும் விடாமல் கடந்து போவதால்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வறட்சியை முதலில் குறை என்று குறித்து வைத்திருந்தேன். மூன்றாவது வாசிப்பில் அடித்துவிட்டேன்.

ஆனால் வேறொன்று உறுத்துகிறது. பெயர்கள். தொல்காப்பியம் அகத்திணைக்கு ஒரு விதி வைத்திருக்கிறது: அகத்தைப் பாடும்போது இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது. பெயர் வந்துவிட்டால் அது ஊருக்குத் தெரிந்த ஒருவருடைய விஷயமாகிவிடும், கேட்பவர் உள்ளே நுழைய இடமிருக்காது. கல்லூரியில் இதை மதிப்பெண்ணுக்காகப் படித்தபோது பழைய காலத்து நாசூக்கு என்று நினைத்தேன். இந்தக் கட்டுரையைப் படித்தபோதுதான் உறைத்தது. வேலாவின் பாட்டில் யார் பெயரும் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்த 'நான்' ஆகலாம். கட்டுரையோ இரண்டு பெயர்களையும் எழுதி, சுட்டி கொடுத்து, எல்லாருக்கும் திறந்துவிட்டது. இப்போது பாட்டைக் கேட்டால் எனக்கு என் கதை வருவதில்லை. ஒரு கீபோர்டுக்காரர்தான் வருகிறார்.

இதில் சுசெட்டின் நிலை என்ன? இந்தப் பகுதியில் அவர் காதலிக்கப்பட்டவர், பிறகு கல்யாணமானவர். இரண்டே வினைகள், இரண்டும் மற்றவர்களை வைத்து. அந்தக் குழுவில் ஒரு பெண் டிரம்ஸ் வாசித்தார் என்பதே அந்தக் காலத்து டெஹானோவில் சாதாரண விஷயமில்லை. தங்கை இறந்த பிறகு அவர் நினைவைக் காப்பாற்றும் வேலையின் பெரும் பகுதியும் இவர் தோளில்தான். கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இன்னொருவர் பாட்டின் பின்னணியாக மட்டும் ஒரு ஆளை நிறுத்திவைப்பதும் ஒரு முடிவுதான், நடுநிலை என்ற பெயரில் எடுத்த முடிவு.

பெயரைச் சொல்லிவிட்ட கட்டுரை, குறைந்தபட்சம் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். ஸ்பானிஷில் 'காதலில் விழுந்தவன்' என்றால் எனமொராதோ, 'விழுந்தவள்' என்றால் எனமொராதா. தன்மையில் பேசும்போதும் இந்த ஓ-ஆ வித்தியாசம் விடாது. தமிழில் 'நான் காதலித்தேன்' என்றால் பேசுவது ஆணா பெண்ணா என்று தெரியாது, அங்கே தப்பிக்க முடியாது. செலீனா 'ஆ'வில் முடிக்கிறார். ஒரு ஆணின் வலி ஒரு பெண்ணின் விகுதியைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. வேலா அந்த ஒரே எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். ஆங்கிலம் பேசி வளர்ந்து, ஸ்பானிஷ் பாட்டுகளை அப்பா சொல்லித்தர ஒலியாகவே பழகியவர் செலீனா என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்த 'ஆ' இன்னும் கனக்கிறது. அகத்திணையின் விதியைப் பாட்டு தன் வழியில் காப்பாற்றியிருக்கிறது. உடைத்தது நாம்தான்.

மீதிப் பகுதிகளை வேகமாகவே கடந்தேன். காணொளி, விருதுகள், மற்றவர்கள் பாடிய வடிவங்கள் எல்லாம் கடமைக்கு இருக்கின்றன. கடைசியில் வரும் அட்டவணைகளை யாரும் படிப்பதில்லை என்று நினைக்கிறேன், நான் படித்தேன். பில்போர்டின் 1995 ஆண்டு முடிவு லத்தீன் பாடல் பட்டியலில் இந்தப் பாட்டுக்கு முதலிடம். ஒரு கட்டத்தில் 1995, பக்கத்துக் கட்டத்தில் 1. அந்த ஆண்டின் ஒன்பது மாதங்கள் பாடியவர் இல்லாமல் கழிந்தன என்பதற்கு அட்டவணையில் ஒரு நட்சத்திரக் குறிகூடக் கிடையாது.

இறப்பதற்கு ஒரு மாதம் முன், 1995 பிப்ரவரி 26 அன்று, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடிய கச்சேரியிலும் செலீனா இதைப் பாடினார். அதன் பதிவைத் தேடிப் பிடித்தேன். இந்த முறை அவரைப் பார்க்கவில்லை, பின்னால் பார்த்தேன். குழுவில் இரண்டு கீபோர்டுக்காரர்கள். எது வேலா என்று கண்டுபிடிக்க நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டியிருந்தது.

போன மாதம் இந்தக் கட்டுரையைத் தமிழ் விக்கிபீடியாவுக்குக் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தேன். தலைப்பை மாற்றி மாற்றி எழுதி, ஸ்பானிஷ் உச்சரிப்பையே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். 'பின்னணி' பகுதியை ஒரே மூச்சில் முடித்தேன். பிறகு மேலே போய் சுசெட்டின் பெயருக்கு முன்னால் 'குழுவின் டிரம்ஸ் கலைஞர்' என்று சேர்த்தேன். அதற்கு மட்டும் எங்கேயும் மேற்கோள் தேடவேண்டியிருக்கவில்லை. அட்டவணைகள் இன்னும் பாக்கி.