புகழுரையும் உரிமைப் பதிவும்: திருக்கோவலூர்க் கல்வெட்டும் கல்வராயன் மலைப் பெண்களும்

ஆய்வுச் சுருக்கம்

பொது நிறுவனங்கள் பெண்களைப் போற்றுவதும் அவர்களுக்கு உரிமை வழங்குவதும் வெவ்வேறு செயல்கள். பாரி மகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாடலையும், திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. பேசுபவராக இருந்த பெண், பேசப்படும் பொருளாக மாறுவதை அவ்வொப்பீடு புலப்படுத்துகிறது. அதில் பெறப்படும் அளவுகோலைக் கொண்டு, கல்வராயன் மலைப் பெண்களின் நில உரிமையும் ஊராட்சிப் பங்கேற்பும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாரி மகளிர், வானவன் மாதேவி, திருக்கோவலூர், கல்வராயன் மலை, வன உரிமைச் சட்டம், பாலினச் சமத்துவம்

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயற்படத் தொடங்கியது. மலையமான்களின் தலைநகரான திருக்கோவலூரும், மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலையும் இன்று ஒரே மாவட்ட நிருவாகத்தின்கீழ் உள்ளன. ஒன்று பெண்ணைக் கரையில் பழம்பெருமை பேசும் ஊர். மற்றொன்று நெடுங்காலம் சாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த மலைப்பகுதி. முன்னதில் கோயிலும் பின்னதில் ஊராட்சியும் வருவாய்த் துறையும் பொதுப் பதிவுகளை ஆக்குகின்றன. அப்பதிவுகளில் பெண் எவ்வாறு இடம்பெறுகிறாள் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

பாரி மகளிரின் குரல்

புறநானூற்று 112ஆம் பாடல் ஐந்தடிகளே கொண்டது. முன்பு ஒரு நிலவில் தந்தையும் குன்றும் தமக்கு உரியவாயிருந்ததையும், இப்போது இரண்டையும் இழந்ததையும் அது கூறுகிறது. இதனை மகளிரின் கையறுநிலை என்ற அளவிலேயே வாசிப்பது பெருவழக்கு. ஆயின் குன்றினை ‘எம்’ என்னும் தன்மைப் பன்மைச் சொல்லால் அவர்கள் சுட்டுவது கருதத்தக்கது. குன்று தந்தைக்கு மட்டும் உரியதன்று, தமக்கும் உரியது என்னும் கோரிக்கை அச்சொல்லில் உண்டு. வென்ற வேந்தர் அதனைக் கைக்கொண்டனர் என்பதும் அவர்கள் வாயாலேயே பதிவாகிறது. எனவே இப்பாடல் துயரப் பாடலாக நிற்பதோடு, நிலம் பறிக்கப்பட்டதற்குப் பெண்கள் கூறிய சான்றாகவும் அமைகிறது.

எனினும், இப்பாடலைத் தொகுத்த மரபே புலவர்களின் இயற்பெயரைக் காக்கவில்லை. தந்தை பெயரால் ‘பாரி மகளிர்’ என்றே குறித்தது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால மரபில் வழங்குவன.

கல்வெட்டில் இரு பெண்கள்

திருக்கோவலூர்க் கல்வெட்டு செய்யுள் நடையில் அமைந்தது. மலையமான் குலத்தில் பிறந்து, சுந்தர சோழனுக்குத் தேவியாகி, இராசராசனை ஈன்ற வானவன் மாதேவியை அது போற்றுகிறது. பால்குடி மாறாக் குழவியைப் பிரிந்தும் கணவனைப் பிரியாது எரிபுகுந்தவர் என்பதே அப்புகழின் சாரம். தொடர்ந்து, பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அது தருகிறது.

இங்கு மூன்று செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, சங்கப் பாடல்களில் பன்மையில் வரும் மகளிர் கல்வெட்டில் ஒருமையாகச் சுருங்குகின்றனர். இரண்டாவது, ‘எம்’ குன்று என்று பேசியவர், பிறரால் கொடுக்கப்படும் ‘அடைக்கல’ப் பொருளாகிறார். மூன்றாவது, கபிலரும் உயிர் துறந்தவராகவே காட்டப்படினும், அவரது கவித்திறம் தனித்துச் சிறப்பிக்கப்படுகிறது; பாரி மகளிரும் புலவர்களே என்பது சுட்டப்படவில்லை. புகழுரைச் செய்யுளுக்கு இத்தகைய மரபு இயல்பு என மறுக்கலாம். அம்மறுப்பு ஒரு பகுதி மட்டுமே பொருந்தும். தியாகம் இருபாலார்க்கும் பொதுவாக, திறன் ஒருபாலார்க்கே உரியதாகக் காட்டப்படுவதற்குச் செய்யுள் மரபு மட்டும் காரணமாகாது.

கொடையும் பெயரும்

அதே சோழர் குடும்பத்தில் இதற்கு மாறான பதிவும் உண்டு. கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவி, கணவர் மறைந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து பல கோயில்களைக் கற்றளிகளாக்கினார். அண்டை மாவட்டத்து விருத்தாசலம் கோயிலும் அவற்றுள் ஒன்று. கோனேரிராசபுரத்துக் கோயிலை அவர் கணவர் பெயராலேயே எடுப்பித்தார்; ஆயினும் எடுப்பித்தவர் அவரே என்பது கல்லில் நின்றது. செலவிடும் பொருள் தம் கையில் இருந்தமையால் அவர் செயலின் எழுவாயாகப் பதிவானார். அரசகுலப் பெண்ணுக்கு வாய்த்த இந்நிலை ஏனையோர்க்கும் வாய்த்தது என்று பொதுமைப்படுத்த இயலாது. ஆனால் அளவுகோல் தெளிவாகிறது: உடைமையும் முடிவெடுக்கும் உரிமையும் உள்ள இடத்திலேயே பெண்ணின் பங்களிப்பு அவள் பெயரால் பதிவாகிறது.

மலையில் உரிமைப் பதிவு

இவ்வளவுகோலைக் கல்வராயன் மலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லை. ஆகவே பழங்குடிக் கிராம சபைகளுக்குச் சிறப்பு அதிகாரம் அளிக்கும் 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இம்மலைக்கு எட்டவில்லை. இந்நிலையில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தனி முக்கியத்துவம் பெறுகிறது. மணமானவர்க்கு உரிமையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என்றும், ஒருவர் தனித்துத் தலைமையேற்கும் குடும்பமாயின் அவர் பெயரில் பதிய வேண்டும் என்றும் அதன் 4(4) பிரிவு கூறுகிறது. வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ‘எம் குன்று’ என்னும் பழங்கோரிக்கைக்குச் சட்டம் தந்த மறுமொழியாக இதனைக் கொள்ளலாம்.

ஆயினும் மனைவிக்குக் கிடைத்த இடம் மகளுக்கு உறுதியாகவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு, மைய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினர்க்கு அச்சட்டம் பொருந்தாது என்கிறது. மகளுக்குச் சம பங்கு தந்த 1989ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டு மையத் திருத்தமும் இவ்வேலியைத் தாண்டவில்லை. 2025 சூலையில், கோண்டு பழங்குடிப் பெண் ஒருவரின் வாரிசுகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சமத்துவ உரிமையின் அடிப்படையில் பங்கு வழங்கியது. ஒரு வழக்கின் தீர்ப்பு வழிகாட்டும். சட்டத்தின் இடைவெளியை அது முழுதும் அடைக்காது.

ஊராட்சி அமைப்பிலும் இத்தகைய இருநிலை உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தியது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் முதல் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. பதவிப் பலகையில் பெண் பெயர் ஏறுவது பெரும் மாற்றமே. ஆனால் நாட்டின் பல பகுதிகளிலும் காணப்படுவதுபோல, கணவரோ பிற உறவினரோ அவர் இடத்தில் முடிவெடுத்தால், பெயர் மட்டும் பெண்ணுடையதாக எஞ்சும். அது கல்வெட்டின் நிலையைத் தலைகீழாக்கியதே: அங்குச் செயல் இருந்தும் பெயரில்லை, இங்குப் பெயரிருந்தும் செயலில்லை.

முடிவுரை

பாரி மகளிர் பாடலில் பெண் நிலத்திற்கு உரிமை பேசினாள். கல்வெட்டில் தன்னை இழந்ததற்காகவோ பிறரால் அளிக்கப்பட்டதற்காகவோ இடம்பெற்றாள். போற்றுதல் மிகுந்த பதிவே உரிமை குறைந்த பதிவாகவும் அமையக்கூடும் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது. ஆதலின் பாராட்டு விழா, சிலை, விருது ஆகியவற்றை மட்டும் கொண்டு பொது நிறுவனங்களின் பாலினச் சமத்துவத்தை அளவிடல் பொருந்தாது. பட்டாவில் யார் பெயர் உள்ளது, மகளுக்குப் பங்கு உண்டா, தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்பனவே வினவத்தக்கவை. மலையாளிப் பழங்குடி மகளிர்க்கு வாரிசுரிமைச் சட்டத்தை விரிவாக்கும் அறிவிக்கையும், கூட்டுப் பட்டாக்களில் மனைவி பெயர் விடுபடாமையைச் சரிபார்க்கும் ஆண்டுத் தணிக்கையும், கிராம சபைக் குறிப்பேட்டில் பெண்கள் கூறிய கருத்துகளை அவர்கள் பெயராலேயே எழுதும் நடைமுறையும் உடனடித் தேவைகள். வருங்கால ஆய்வாளர் கல்வராயன் மலையின் பொதுப் பதிவுகளைப் படிக்கும்போது, அங்கு வாழ்ந்த பெண்களை இயற்பெயரோடு காண இவை வழிசெய்யும்.