செவ்வாய் மண்ணும் திண்டுக்கல் கிணறும்

வேற்றுக் கோள்களில் மனிதர் குடியேறும் கதைகளை நம் வீட்டு இளைஞர்கள் இப்போது விரும்பிப் படிக்கின்றனர். அவற்றுள் பெரிதும் பேசப்படுவது, ஆண்டி வேய்ர் 2011இல் வெளியிட்ட 'தி மார்ஷியன்' என்னும் ஆங்கில நாவல். 2015இல் அது திரைப்படமாகவும் வந்தது. செவ்வாயில் தனித்து விடப்பட்ட தாவரவியலார் ஒருவர், குடியிருப்புக் கூடாரத்துக்குள் அக்கோளின் மண்ணைப் பரப்பி, மனிதக் கழிவை எருவாக இட்டு, எரிபொருளிலிருந்து நீரை உண்டாக்கி, உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கிறார். இத்தனை கிழங்குக்கு இத்தனை நாள் உணவு என்று அவர் கணக்கிடும் பக்கங்கள் உண்மையிலேயே சுவையானவை. கொடைக்கானல் மலையிலிருந்து கிழங்கு மூட்டைகள் இறங்கக் கண்ட நம் திண்டுக்கல் வாசகருக்கு அக்கணக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றும்.

ஆயினும் நூலின் அடித்தளத்திலேயே ஒரு குறை இருக்கக் காண்கிறோம். செவ்வாய் மண்ணை ஆசிரியர் குற்றமற்ற வெறும் மண்ணாகக் கொண்டுவிட்டார். அம்மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பு கலந்திருப்பதை பீனிக்ஸ் விண்கலம் 2008இலேயே கண்டறிந்தது. தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கக்கூடிய உப்பு அது. நீரில் எளிதில் கரைவதுதானே, கழுவிவிடலாமே என்பர். கழுவலாம், கழுவிய நீரை எங்கே ஊற்றுவது?

இக்கேள்வி நம் ஊருக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் போய், குரோமிய உப்பு வந்தது. தோல் ஷாப்புகள் பெருகின. நம் அத்தாமாரில் எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட தொழில் அது. அதை இழித்துரைக்க நமக்கு மனம் வராது. ஆனால் உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்துக் கழுவிய நீர் நிலத்துக்குள் இறங்கியதை மறைப்பதும் முறையன்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 சிற்றூர்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு நடத்தியது. 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இக்கணக்கு இடம் பெற்றுள்ளது. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக நெடுந்தொலைவு நடப்பதையும் அத்தீர்ப்பு சொல்கிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை வலியுறுத்தி, பல மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மழையும் காற்றும் மண்புழுவும் உள்ள இந்தச் சமவெளியிலேயே உப்பேறிய ஒரு கிணற்றைத் திருப்புவது இத்தனை பாடு!

முழுக் கோளையே மாற்றிவிடலாம் என்போரின் கணக்கும் இங்ஙனமே இடறுகிறது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கு எட்டக்கூடிய கரியமில வாயு அனைத்தையும் வெளிக்கொணர்ந்தாலும் அழுத்தம் பூமியினதில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தாண்டாது என்று ஜகோஸ்கி, எட்வர்ட்ஸ் ஆகிய இருவர் 2018இல் கணித்தனர். வெறுங்காற்றைத் திரட்டவே இந்த நிலை.

இவ்வகையில் 1950இல் ரே பிராட்பரி எழுதிய 'தி மார்ஷியன் கிரானிக்கிள்ஸ்' நூலையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். அதில் அறிவியல் மிகக் குறைவு. ஒருவர் நட்ட மரங்கள் ஓரிரவில் வானளாவி நிற்கும்; நகைக்கத்தான் தோன்றும். ஆனால் பூமியிலிருந்து போனவர்கள் கொண்டு சென்ற சின்னம்மையால் அக்கோளின் பழங்குடி மாண்டொழிந்ததை எழுத அவர் மறக்கவில்லை. குடியேறுகிறவன் தன்னோடு எதைச் சுமந்து செல்கிறான் என்பதை அவர் கேட்டார். வேய்ர் கேட்கவில்லை, அவருடைய நாயகனுக்கு அக்கம்பக்கத்தார் எவரும் இல்லை, அவன் ஊற்றும் நீரைக் குடிக்கவும் ஆளில்லை.

தமிழில் இத்தகைய நாவலை எழுத முனையும் இளைஞர்கள், எழுதுமுன் பேகம்பூரில் முதியவர் எவரிடமேனும் சற்று உட்கார்ந்து பேசுவது நன்று. அப்படி ஒருவர் எழுதினால், செவ்வாயின் முதல் அத்தியாயத்தில் கிழங்கு முளைக்காது. கழுவுநீர் யார் நிலத்தில் விழுந்தது என்ற வழக்குத்தான் நடக்கும்.