சாட்சிக் கூண்டில் பிள்ளைகள்

'கிரேமர் வெர்சஸ் கிரேமர்' (1979) படத்தில், வழக்கில் தோற்ற தகப்பனிடம் வக்கீல் சொல்கிறார்: மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பையனைக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும். தகப்பன் மறுத்துவிடுகிறான். ஐந்து ஆஸ்கர் வாங்கிய அந்த ஹாலிவுட் படம் அந்த வாசலோடு நின்றுகொண்டது. உள்ளே போனவை பின்னால் வந்த சிறு முதலீட்டுப் படங்கள். மணமுறிவைப் பேசும் படங்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவை எல்லாமே, 'நீ யார் பக்கம்?' என்று பிள்ளையிடம் கேட்கப்படும் இடத்தில் நிற்பவை.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'எ செபரேஷன்' (2011) படத்தில் முதல் காட்சியிலேயே கேமரா நீதிபதியின் இருக்கையில் இருக்கிறது. நாதெரும் சிமினும் நம்மைப் பார்த்து வாதாடுகிறார்கள். ஈரானை விட்டுப் போக வேண்டும் என்கிறாள் அவள். அல்ஸைமர் வந்த அப்பாவை விட்டு வர முடியாது என்கிறான் அவன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயங்களின் பாரம் முழுவதும் பதினொரு வயது மகள் தெர்மேயின் தலையில் இறங்குகிறது. வீட்டு வேலைக்கு வந்த பெண்ணின் கரு கலைந்து நாதெர் மீது வழக்காகிறது. அவள் கர்ப்பிணி என்பது அப்பாவுக்கு முன்பே தெரியும் என்று மகள் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் நீதிபதி கேட்கும்போது அவரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். திரும்பும் வழியில் காரில் சத்தமில்லாமல் அழுகிறாள். அந்த வேடத்தில் நடித்தவர் ஃபர்ஹாதியின் மகள் சரினா.

யாரோடு இருக்கப் போகிறாய் என்று கடைசியில் நீதிபதி கேட்கிறார். முடிவு செய்துவிட்டேன் என்கிறாள். அது என்ன முடிவு என்று படம் சொல்வதில்லை. இதை நழுவல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. அந்தக் கேள்வியே கொடுமை என்று இரண்டு மணி நேரம் காட்டிவிட்டு, பதிலை வாங்கி நம் கையில் கொடுத்திருந்தால் படம் தன்னைத்தானே மறுத்திருக்கும்.

பிரான்சின் ஸேவியே லெக்ராந்த், வெனிசில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற 'கஸ்டடி' (2017) படத்தை நீதிபதியின் அறையில் தொடங்குகிறார். சிறுவன் ஜூலியான் அங்கே இல்லை. அப்பாவிடம் போக மாட்டேன் என்ற அவனுடைய வாக்குமூலம் மட்டும் வாசிக்கப்படுகிறது. அது எடுபடவில்லை. ஒன்றுவிட்ட வாரக்கடைசியில் அவன் அப்பாவின் வண்டியில் ஏறியாக வேண்டும். படத்தில் பின்னணி இசையே கிடையாது. அம்மாவின் புது விலாசத்தைக் கறக்கும் அப்பாவுக்குப் பக்கத்தில், சீட் பெல்ட் போடாததற்காகக் கத்தும் பீப் ஒலி வயிற்றைக் கலக்குகிறது.

ரஷ்ய அரசின் நிதி இல்லாமல் ஆந்த்ரேய் ஸ்வ்யாகின்ட்செவ் எடுத்த 'லவ்லெஸ்' (2017) படத்தில் பிள்ளையைக் கேட்கக்கூட ஆள் இல்லை. தன்னை வைத்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை என்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று அல்யோஷா கேட்டுவிடுகிறான்.

நோவா பாம்பாக் 23 நாள்களில், சூப்பர் 16 ஃபிலிமில் எடுத்த 'தி ஸ்குவிட் அண்ட் தி வேல்' (2005) படத்தில் நீதிமன்றத்துக்கு வேலையே இல்லை. விசாரணை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. 1986இன் புரூக்ளின். தொடக்கத்தில் வரும் டென்னிஸ் ஆட்டத்திலேயே கட்சி பிரிந்துவிடுகிறது: சின்னவன் ஃபிராங்க் அம்மாவோடு, பெரியவன் வால்ட் அப்பாவோடு. தனி வீடு பார்த்துப் போன அப்பா, ஃபிராங்க்குக்கு வாங்கி வைத்த மேசை இடக்கைக்காரர்களுக்கானது. அவனோ வலக்கைக்காரன். எழுத்தாளரான அந்தத் தகப்பனுக்கு மகன் எந்தக் கையால் எழுதுவான் என்றே தெரியவில்லை. கூச்சலும் கண்ணீருமாக எடுக்கப்பட்ட எத்தனையோ காட்சிகளைவிட இந்த மேசை என்னை அதிகம் வதைத்தது. வால்ட்டோ அப்பாவின் இலக்கியத் தீர்ப்புகளை, படிக்காத புத்தகங்களைப் பற்றியும்கூட, அப்படியே ஒப்பிக்கிறான். பள்ளி ஆலோசகர் நல்ல நினைவு ஒன்றைச் சொல்லச் சொல்லும்போது, அவனுக்கு அம்மாதான் வருகிறாள். அவன் கட்சி மாறிவிட்டான் என்று இதற்குப் பொருளில்லை. இரவல் வாங்காமல் அவன் பேசும் முதல் பேச்சு அது.