லயமும் இல்லத்து அமைதியும்

இல்லத்தை அமைதியின் உறைவிடமாக ஆக்குவது எப்படி என்று சொல்லித்தரும் கட்டுரைகள் நமது வாரப் பத்திரிகைகளில் மலிந்து கிடக்கின்றன. திரைச்சீலை மென்னிறமாக இருக்கட்டும். வேண்டாத பொருள்களை அகற்றிவிடுங்கள். சாளரத்தருகே ஒரு மூலையைப் படிப்பதற்கென ஒதுக்குங்கள். படுக்கையறையில் விளக்கொளியைத் தணித்து வையுங்கள். நல்ல யோசனைகளே; அவற்றைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. ஆனால் சாளரமும் மூலையும் படுக்கைக்கெனத் தனியறையும் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே இவ்வறிவுரைகள் தொடங்குகின்றன. பதுளைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தத் தொடக்கமே இடறுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பதாந் தர மாணவருக்கு ‘எங்கள் வீடு’ என்ற தலைப்பைக் கொடுத்தேன். வந்த கட்டுரைகளில் வீட்டின் முன்னே பூந்தோட்டம் இருந்தது; கூடம் இருந்தது; கொல்லைப்புறத்தில் ஒரு கிணறும் இருந்தது. கிணறு! பீலித் தண்ணீரிற் குளித்து வளரும் எங்கள் பிள்ளைகளுள் கிணற்றடி கண்டவர் எத்தனை பேர்? பயிற்சி நூலிலிருந்து இறக்கிய அவ்வீடுகளுக்கு நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தி நல்ல புள்ளிகளே இட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தம் வீட்டை எழுதத் தகுதியற்றதெனப் பிள்ளைகள் கருதியிருக்கிறார்கள். நானும் அதனை ஆமோதித்திருக்கிறேன்.

லயக் காம்பரா எழுதத் தகுந்ததுதான் என்று காட்டியவர்கள் நம் எழுத்தாளர்களே. புதுமைப்பித்தன் இலங்கைக்கு வராமலே ‘துன்பக்கேணி’யை எழுதினார், தோட்டத்தின் கொடுமை அதில் உண்டு, தோட்டத்து வீடு இல்லை. அவ்வீட்டின் சட்டநிலையை ஒரே சொல்லில் உரைத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவரது நாவலின் தலைப்பே ‘வீடற்றவன்’. தோட்டத்தில் வேலையும் காம்பராவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலை போனால் கூரையும் போய்விடும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர் நாடும் அக்கயிற்றிலேயே சேர்ந்துகொண்டது. நாளை இவ்விடத்தில் இருப்போமா என்று அறியாதவன் சுவருக்கு எந்த நிறத்தைப் பூசுவான்?

ஆயினும் இவ்விஷயத்தின் உள்ளறை வரை சென்றவர் ஊவாக்கட்டவளையில் 1934இற் பிறந்து, பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரைத் தம் பெயரோடு பூண்டு, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் அவர்களே. அவருடைய ‘மீன்கள்’ என்ற சிறுகதையை ஆசிரியர்கள் வகுப்பிலே படிக்கக் கூசுகிறார்கள். அந்தக் கூச்சமே கதையின் பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் ஒற்றைக் காம்பராவில் தாய், தந்தை, வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அடுத்தடுத்துப் படுக்கின்றனர். இருட்டிலே ஒரு பிழை நேர்ந்துவிடுகின்றது. இதே நிகழ்ச்சியை மலினமான கைகள் கிளர்ச்சிக்கோ கண்ணீருக்கோ பயன்படுத்தியிருக்கும். ஜோசப் இரண்டையும் செய்யவில்லை. அவர் மனிதனைக் கூண்டில் நிறுத்தவில்லை. அளவு நாடாவை நமது கையிலே கொடுத்துவிடுகிறார். ஒழுக்கம் என்று நாம் பெருமையோடு பேசுவது எவ்வளவு தூரம் சதுர அடியைச் சார்ந்தது என்று அக்கதை கேட்கின்றது. இதற்கு இணையான கேள்வியை நம் ஒழுக்க நூல்களில் நான் கண்டதில்லை.

இதன் எதிர்த்துருவம் அதிக தொலைவில் இல்லை. அப்புத்தளையில் 1931இற் கட்டப்பட்ட அடிசம் மாளிகைக்குப் போகிறவர் யாவரும் அதன் நிசப்தத்தையே புகழ்ந்துகொண்டு திரும்புகின்றனர். கட்டுவித்த சேர் தோமஸ் வில்லியர்ஸ், தோட்டங்களை நிர்வகித்த முகவர் நிறுவனமொன்றின் தலைவர். இன்று அது பெனடிக்டைன் துறவிகளின் மடம். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் அமைதி என்பது உள்ளத்தின் பக்குவம் மட்டுமே என்று வாதிப்பவர், அம்மாளிகையின் சுவர்க் கனத்தையும் லயத்தின் சுவர்க் கனத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையை முட்டுவதில்லை. அடுத்த காம்பராவின் இருமலும் அடுப்புப் புகையும் சண்டையும் அந்த இடைவெளியால் தாராளமாக வந்துபோகும். ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாய்ந்த மணத்தைத் தரும் வறண்ட காற்று, லயத்துத் தகரங்களையும் தூக்கிப் பார்க்கும். அதற்காகவே கூரைமேல் கற்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு சொல்லிய பின் நமது எழுத்தாளர்மீதும் ஒரு குறை உண்டு. ஜோசப்பின் பின் வந்தோர் பலர் லயத்தை ஒழுகும் கூரையாகவும் சாராய நெடியாகவும் மட்டுமே காண்கின்றனர். இதுவும் ஒருவகை வாய்பாடுதான். என் மாணவரின் கிணற்றைப் போன்றது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண், கூடையை இறக்கிய கையோடு இஸ்தோப்பைக் கூட்டிச் சாணம் மெழுகுகின்றாள். மாப்பால் தகரத்தில் செவ்வந்தி வளர்க்கின்றாள். புகையேறிய சுவருக்குப் பழைய பத்திரிகைத் தாள் ஒட்டுகின்றாள். வாரப் பத்திரிகையின் அறிவுரை அவளுக்குச் சேர்வது அவ்விதத்திற்றான்! அழகையும் அமைதியையும் விரும்பும் உரிமையை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை. அவ்விருப்பத்தை எழுதாத யதார்த்தம் பாதி யதார்த்தமே.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை மூடியது. சரியும் மண் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. அதற்குப் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற பேச்சு வலுத்தது. சில இடங்களில் வீடுகளும் எழுந்தன, போதாத அளவில். அத்தகைய வீடொன்றுக்குச் சென்றபோது, மாணவியொருத்தியின் பாட்டி, “உறக்கமே வரமாட்டேங்குது வாத்தியாரய்யா” என்றார். காரணம் கேட்டேன். “முன்னே ராத்திரியில நெஞ்சு வலிச்சா செவத்தைத் தட்டினாப் போதும், நாலு பேர் வந்துருவாங்க. இங்கே எந்தச் செவத்தைத் தட்ட?” லயத்தை மீட்டுத் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை, பேத்திக்குக் கதவடைத்துப் படிக்க ஓர் அறை கிடைத்ததில் அவருக்குப் பெருமையே.

அதே தலைப்பை இவ்வாண்டு மறுபடியும் கொடுத்தேன், கிணறு கூடாதென்ற நிபந்தனையோடு. லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தன் வீடு இரவு பத்தரை மணிக்குத்தான் தொடங்குகிறது என்று எழுதியிருந்தாள். தொலைக்காட்சிகள் அடங்கி, ஆறு காம்பராக்களும் உறங்கியபின், அடுப்பருகே அவள் விரித்துவைக்கும் கணிதப் புத்தகத்தைச் சுற்றியுள்ள இரண்டடி இடமே அவ்வீடு.